சால்வைக்கு க்யூ இல்லை

ஓய்வுபெற்ற ஸ்டேஜ் மனேஜருக்கு யாரும் சும்மா தொலைபேசி எடுப்பதில்லை. எடுத்தால் எங்கோ எதையோ தொலைத்துவிட்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம். போன மாசிப் பனிக்குள், முழங்காலில் சூட்டுப் பையைக் கட்டிக்கொண்டு நான் சோபாவில் கிடந்தபோது வந்த அழைப்பும் அப்படிப்பட்டதுதான்.

பேசியவள் கிறேஸ் என்று ஒரு இளம் பெண். அவளும் சில நண்பர்களும் சேர்ந்து ‘பின்கதவு’ என்ற நடனப் படைப்பை மறுபடி மேடையேற்றப் போகிறார்களாம். அதைச் செய்தவர் ஹருயே என்ற ஜப்பானியப் பெண்மணி. அவர் இறந்து மூன்று பனிக்காலம் ஆகிவிட்டது. ரொறன்ரோவில் அவர் வேலை செய்த காலம் முழுக்க நான்தான் அவருடைய ஸ்டேஜ் மனேஜர். பிள்ளைகளுக்குக் கிடைத்திருப்பது பழைய வீடியோ ஒன்று மட்டும். அதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

“எல்லாம் விளங்குகிறது, ஒன்றைத் தவிர,” என்றாள் கிறேஸ் ஆங்கிலத்தில். “கடைசியில் ஒரு மனிதர் சால்வையோடு நடந்து வருகிறாரே, அற்புதமான இடம். அவருக்கு என்ன க்யூ?”

மேடையில் விளக்கு அணைவதென்றாலும், ஓசை எழுவதென்றாலும், ஆள் உள்ளே வருவதென்றாலும் அதற்கு ஒரு க்யூ, அதாவது ஒரு சைகை, உண்டு. பார்வையாளருக்குப் பின்னால் ஒரு பெட்டி அறைக்குள் ஹெட்செற் போட்டுக்கொண்டு இருக்கும் ஸ்டேஜ் மனேஜர் “கோ” என்று சொன்னால்தான் அது நடக்கும். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான் நான் என் சோற்றைத் தேடிக்கொண்டேன்.

எனக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. “அவருக்கு க்யூ இல்லை. அவர் நடிகர் இல்லை. பார்க்க வந்தவர்,” என்றேன்.

பிறகு, “அவர் இன்னும் இருக்கிறாரா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு என் ஓய்வு போயிற்று. அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து கதையைக் கேட்கிறார்கள். பத்துப் பேருக்குப் பத்துத் தரம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒருதரம் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்று பார்க்கிறேன்.

நான் தொழில் பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. மன்னாரிலிருந்து வந்த புதிதில் நகரத்துக்குள் ஒரு தியேட்டரில் தரை துடைத்தேன். துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு ஒத்திகை பார்த்தேன். தச்சு வேலைக்காரர் ஏணி பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். பிறகு மாலை வகுப்பில் ஒரு படிப்பு, பிறகு சின்னச் சின்ன நாடகங்கள். நான் தியேட்டர் வாசலில் நின்று ரிக்கற் கிழிக்கிறேன் என்றுதான் என் அம்மா கடைசிவரைக்கும் சொந்தக்காரருக்குச் சொல்லிவந்தார். நானும் திருத்தவில்லை. திருத்தினால் பிறகு முழுவதையும் விளங்கப்படுத்த வேண்டும்.

ஹருயே என்னிடம் தகுதி, அனுபவம் என்று ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் போனபோது ஈரத்துணி ஒன்றைத் தந்தார். அவருடைய நடனக்காரர் எல்லாரும் முழங்காலில் நின்று, துணியை இரண்டு கையாலும் அமத்தி, தரையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடுவில் அவரும் ஒருத்தி. ‘ஐயோ கடவுளே, தரை துடைக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தால் இங்கேயும் தரையா’ என்று நினைத்தேன். வேலை நடந்த ஒவ்வொரு காலையும் அதுதான் தொடக்கம். சப்பாத்தோடு அந்தத் தரையில் கால் வைக்கிற உரிமை ஒருவருக்கும் கிடையாது. தீயணைப்புப் பரிசோதகர் வந்தபோது அவருக்கும் கிடைக்கவில்லை.

அவர் வட ஜப்பானில் பனி கொட்டும் ஊர் ஒன்றில் பிறந்தவர். தோக்கியோவில் ஒரு குழுவில் ஆடி, அதிலிருந்து விலகி, ஐரோப்பாவில் சூடில்லாத பண்டகசாலைகளில் வருடக்கணக்காக ஆடி, ஒரு பனிக்காலத்துக்கென்று ரொறன்ரோ வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். ஏன் என்று ஒருதரம் கேட்டேன். “இங்கே பனி சரியாக இருக்கிறது,” என்றார். அவ்வளவுதான் பதில்.

அவர் செய்ததை எங்கள் சனத்துக்கு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆட்டம் என்றால் ஆட்டமில்லை. நாடகம் என்றால் பேச்சில்லை. உடம்பெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு, ஒரு கை மேலே எழும்ப நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் எடுக்கும். ஒஷாவாவில் இருக்கிற என் மச்சாளை ஒருதரம் கூட்டிக்கொண்டு போனேன். அரைவாசியில் என் காதுக்குள் வந்து, “ஜெசிந்தா, உவையளுக்கு என்ன, சுகமில்லையோ?” என்று கேட்டாள். உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள், பாவம்.

தொழில் என்று பார்த்தால் ஹருயேயோடு வேலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டுகிற மாதிரி. மற்ற இடங்களில் நடனக்காரர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் நிற ஒட்டுநாடா, ரேப், ஒட்டி அடையாளம் வைப்போம். அவர் ரேப்பைக் கிட்டவும் விடமாட்டார். “ரேப் இருந்தால் அவர்கள் ரேப்பைத் தேடிப் போவார்கள். இடத்தைத் தேடிப் போகமாட்டார்கள்,” என்பார். எண்ணிக்கையும் கிடையாது. ஒன்று இரண்டு மூன்று என்று யாருடைய உதடாவது அசைந்தால் ஒத்திகையை நிறுத்திவிடுவார். “எண்ணாதே. மூச்சு விடு.” நான் விளக்குக்கு “கோ” சொல்வதும் மூச்சைப் பார்த்துத்தான். நடனக்காரியின் விலா உள்ளே போகும்போது சொல்ல வேண்டும். விலா வெளியே வரும்போது சொன்னால் பிழை. வருடக்கணக்காக மற்றவர்களின் விலாவைப் பார்த்து என் கண் போயிற்று. ஹெட்செற் போட்டு இடது காதும் போயிற்று.

அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. காட்சி முடிந்ததும் தரையில் சம்மணம் கட்டியிருந்து தோடம்பழம் உரிப்பார். உரித்து முடிக்கும்வரை பேசமாட்டார். தோல் அறாமல் முழுசாக வந்தபிறகு, ஒவ்வொருவருக்கும் பிழை சொல்வார். பிழை இல்லாதவரிடம், “இன்று இடைஞ்சல் இல்லை,” என்பார். அது கிடைத்த நாளில் ஆட்கள் பஸ்ஸுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது கடைசி ஒத்திகை. முதல் காட்சிக்கு முதல்நாள், ஒவ்வொரு படைப்பிலும், அதில் எது மிகச் சிறந்ததோ அதை வெட்டிவிடுவார். எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். தெரிந்தும் என்ன, தன்னுடையது சிறந்ததாக இருக்க வேண்டும் என்றும் இருக்கக்கூடாது என்றும் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் மன்றாடிக்கொண்டிருப்பார்கள். வெட்டிய இடத்தில் வேறொன்றும் வராது. வெட்டியது எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு அந்த இடம் சும்மா கிடக்கும். ஏன் சிறந்ததை வெட்டுகிறீர்கள் என்று கேட்டால், “எல்லாரும் அதில் சாய்ந்து ஓய்வெடுக்கிறார்கள்,” என்பார்.

வெட்டுவது அவர். போய்ச் சொல்வது நான். “ஜெஸ், நாளை அது இல்லை,” என்று பழத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார். நான் எழும்பிப் போய் உரியவரிடம் சொல்ல வேண்டும். அதை அவரே சொல்லலாமே என்று கேட்டேன். “நான் சொன்னால் என்னோடு வாதாடுவார்கள். நீ சொன்னால் உன்னிடம் அழுவார்கள். அழுகை சீக்கிரம் முடியும்,” என்றார்.

‘பின்கதவு’ செய்த வருடத்தில் எங்களிடம் மெலனி என்ற பிள்ளை ஆடினாள். டோர்செட் பார்க்கில் மாடிக் கட்டடம் ஒன்றில் வளர்ந்தவள். எங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் அருளப்பு அண்ணை ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் மகளைப் பரதநாட்டிய வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு முடியுமட்டும் வாசலில் குந்திக்கொண்டிருந்த மனிதர். பெரிய மண்டபம் எடுத்து அரங்கேற்றம் செய்து, வந்த பிரமுகர் அத்தனை பேருக்கும் பொன்னாடை போர்த்தியவர். அந்த வீடியோவைப் பார்க்காமல் அவர் வீட்டில் யாரும் கோப்பி குடித்துவிட்டுப் போக முடியாது.

அப்படிப்பட்ட பிள்ளை ஹருயேயிடம் வந்து தலைமயிரை ஒட்ட வெட்டினாள். அன்றைக்கு வாயை மூடின தகப்பன் இரண்டு வருடம் திறக்கவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, “அவளிட்டை உப்பைத் தரச் சொல்லு,” என்று தாய் மூலம் கேட்பாராம்.

‘பின்கதவில்’ எல்லாரும் பார்வையாளருக்கு முதுகைக் காட்டியபடிதான் இருப்பார்கள். வெறும் முதுகு, வெள்ளை பூசியது. ஒவ்வொருவராக எழும்பி, திரும்பாமலே ஆடிவிட்டுப் போவார்கள். கடைசியில் மெலனி மட்டும் எழும்பித் திரும்பி ஆடுவாள். பரதத்தில் முழங்காலை மடித்து அரைவாசி இருந்து நிற்பார்களே, அந்த அரைமண்டியில் நின்று, மெழுகு உருகுகிற மாதிரி மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குவாள். கண் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனையோ பார்த்துக் களைத்த நானே ஒவ்வொரு தரமும் அடுத்த க்யூவை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஹருயேயிட்டைச் சொல்லாதீங்கோ,” என்று ஒருநாள் இரகசியமாகச் சொன்னாள். “நான் மூச்சுக்கு ஆடேல்லை. வாய்க்குள்ளை ஜதி சொல்லித்தான் ஆடுறன். வேறை மாதிரி வருகுதில்லை.”

“எடி, உவ கண்டால் உரிச்சுப்போடுவா.”

“ஐ நோ. அதுதான் சொண்டை அசைக்காமல் பழகிட்டன்.”

மகள் தனியாக ஆடுகிறாள் என்று தாய் சொல்ல, அருளப்பு அண்ணைக்கு மனம் இளகிவிட்டது. நேரே மகளிடம் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு, பூசை முடிந்த கையோடு, இரண்டு வான் வண்டி பிடித்துச் சனத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். மெலனி ஓடிவந்து எனக்கு அதைச் சொன்னாள். “அவருக்கு அரைமண்டியைக் கண்டால் விளங்கும், அக்கா. நான் ஒண்டையும் எறிஞ்சுபோட்டு வரேல்லை எண்டு விளங்கும். அது ஒண்டு காணும்.”

இனி என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. கடைசி ஒத்திகை முடிந்தது. ஹருயே பழத்தை உரித்தார். “ஜெஸ், மெலனியின் தனி ஆட்டம். நாளை அது இல்லை.”

என் வேலைக்காலத்தில் அவரோடு நான் வாதாடியது அந்த ஒருதரம்தான். “அவளுடைய அப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இரண்டு வருடம் பேசாமல் இருந்த மனிதர். அதைப் பார்க்கத்தான் வருகிறார்,” என்றேன்.

“தனியாகவா வருகிறார்?”

“இரண்டு வான் நிறையச் சனம்.”

ஒரு சுளையை வாயில் போட்டு மென்று விழுங்கினார். “அப்படியென்றால் அவள் நன்றாக உட்கார வேண்டும்,” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தோடம்பழக் கூடையைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன். எறியவில்லை. எழும்பி, வெள்ளைப் பூச்சுக் குழைக்கிற பின் அறைக்குப் போனேன். மெலனி வாளிக்குள் கையை விட்டுக் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

“சொல்லாதீங்கோ அக்கா. உங்கட முகத்திலை கிடக்கு. என்ரையோ?”

“ஓம் பிள்ளை.”

“முழுக்கவோ?”

“முழுக்க.”

நான் அழுகைக்குத் துணியோடு போயிருந்தேன். அவள் அழவில்லை. “அப்ப அந்த நேரம் நான் என்ன செய்யிறது?” என்று கேட்டாள்.

“முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. ஆடுற நேரம் முழுக்க.”

“அப்பாட்டைச் சொல்லாதீங்கோ. சொன்னால் வரமாட்டார். வந்து பாக்காட்டிலும், வரட்டும்.” திரும்பவும் கையை வாளிக்குள் விட்டாள். நான் அந்தத் துணியில் என் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பழைய தொழிற்சாலையைத் தியேட்டராக்கிய கட்டடம் அது. மேடைக்கு உயரம் கிடையாது. முன்வரிசைக் கதிரையின் காலடியில் தரை தொடங்கிவிடும். அந்த முன்வரிசை முழுக்க எங்கள் சனம். கோட்டும் பட்டுச்சேலையும் குழந்தைகளும். யாரோ பொரித்த ரோல்ஸ் கொண்டு வந்திருந்தார்கள், பெட்டி அறை வரைக்கும் மணந்தது. நடுவில் அருளப்பு அண்ணை கோட் சூட்டோடு, மடியில் ஒரு பொலித்தீன் பையோடு. அந்தப் பையின் சரசரப்பு எனக்கு ஹெட்செற்றை மீறிக் கேட்டது. அன்றைய காட்சியைத்தான் பதிவுக்காக வீடியோ எடுத்தார்கள், கேடு காலத்துக்கு.

விளக்கு வந்தது. வரிசையாக முதுகுகள். மகள் எந்த முதுகு என்று அவர் தேடியது பின்னாலிருந்தே தெரிந்தது. கழுத்து இடம் வலம் போய் ஓரிடத்தில் நின்றது. அதற்குப் பிறகு அவர் வேறெங்கும் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக எழும்பி ஆடினார்கள், போனார்கள். மெலனி எழும்பவில்லை. கடைசியில் மேடையில் இரண்டு பேர்தான். நடுவில் மெலனி. ஓரத்தில், கிழவி வேடத்தில், ஹருயே. விளக்கு சுருங்கி அந்த முதுகில் வந்து நின்றது. வெட்டிய இடம் தொடங்கிவிட்டது.

நேரம் போயிற்று. ஒரு குழந்தை, “முடிஞ்சுதா?” என்று கேட்டது. யாரோ அதட்டினார்கள். பிறகு பொலித்தீன் பை சரசரத்தது.

எங்கள் ஊர்க் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேடம் கட்டினவனுக்கு அவன் சொந்தக்காரர் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே மேடையேறி மாலை போடுவார்கள். அதற்காகக் கூத்து நிற்காது. ராசா மாலையோடு பாட்டைத் தொடருவார். ஒருவரும் அதை இடைஞ்சல் என்று எண்ணுவதில்லை. அந்த மனிதர் குனிந்து சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் ஒழுங்காகக் கதிரைக்குக் கீழே வைத்து, சால்வையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழும்பியபோது, மாதாவே, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

என் பக்கத்தில் விளக்குப் பலகையில் இருந்த டானிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஜெஸ், ஒரு ஆள். மேடையில் ஒரு ஆள். அணைக்கவா?”

பார்வையாளர் மேடைக்கு வந்தால் இருட்டாக்கி, மண்டபத்து விளக்கைப் போட்டு, காட்சியை நிறுத்த வேண்டும். அது சட்டம். நிறுத்துகிற அதிகாரம் அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான். ஹருயேக்கும் கிடையாது. “தயாராக இரு,” என்றேன். டானியின் விரல் பொத்தானில் இருந்தது. என் வாயில் அந்தச் சொல் இருந்தது.

அருளப்பு அண்ணை முதலில் ஹருயேயிடம் போனார். முதலில் குருவுக்குத்தானே. சால்வையை நீட்டிக்கொண்டு, அவர் தலை குனிவார் என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஹருயே கல்லாட்டம் இருந்தார். அண்ணை கொஞ்சம் தடுமாறித் திரும்பினார். மகளின் முதுகைப் பார்த்தார். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார்.

அன்று அதுவரைக்கும் மெலனியின் முகத்தை யாரும் காணவில்லை. அவர் ஒருவர்தான் கண்டார். கையில் சால்வையோடு அப்படியே நின்றுவிட்டார். நீண்ட நேரம் நின்றார். டானி என்னைப் பார்த்தான். நான் மெலனியின் விலாவைப் பார்த்தேன். பிறகு அவர் மெல்ல வந்து, சால்வையை விரித்து, அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினார். சரிகைக் கரை வெள்ளை முதுகை மறைத்தது. வந்த வழியே போய்க் கதிரையில் அமர்ந்து சப்பாத்தைப் போட்டார். மெலனியின் விலா உள்ளே போவது சால்வைக்கு மேலாலும் தெரிந்தது. “கோ,” என்றேன். இருட்டாயிற்று.

சனம் கைதட்டின சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஹருயே பழத்தை உரித்து முடித்து, “டானி தயாராக இருந்தான். நீ ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார்.

“அவர் சப்பாத்தைக் கழற்றினார்,” என்றேன்.

உரித்த பழத்தில் பாதியைப் பிய்த்து என்னிடம் தந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் யாருக்கும் பழம் கொடுத்து நான் காணவில்லை. “நல்ல நடை,” என்றார். “நாளை அது இல்லை.”

பின் அறையில் மெலனி சால்வையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சரிகையெல்லாம் வெள்ளைப் பூச்சு. “பாத்தீங்களோ அக்கா?” என்றாள். “ஆடுறதைப் பாக்க வந்தவர். முதுகைக் கண்டு வெக்கப்பட்டு மூடிப்போட்டுப் போறார்.” அப்போதுதான் அழுதாள்.

அடுத்த கிழமையே தகப்பன் பேசத் தொடங்கிவிட்டார். சாப்பிட்டியோ, பனி கொட்டுது பார்த்து வா, அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. மெலனி மொன்றியல் போய், ஆடி, படிப்பித்து, தானும் நடு வயதுக்கு வந்துவிட்டாள். அந்த வீடியோவை மட்டும் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

கிறேஸின் கதைக்கு வருகிறேன். பிள்ளைகள் விடவில்லை. யூனியன்வில்லில் மகனோடு இருக்கிற அருளப்பு அண்ணையைத் தேடிப் பிடித்து, “நீங்களே வந்து செய்யுங்கள்,” என்று கேட்டுவிட்டார்கள். மனிதருக்கு எண்பதை எட்டுகிறது. தலைக்கு மை பூசி, புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அவரை ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. ஒத்திகையில் பார்க்க வேண்டுமே! மந்திரி கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டு நடந்தார். முதுகு காட்டி இருக்கிற புதுப் பெண்ணுக்குப் போர்த்திவிட்டு, சபையைப் பார்த்துக் கும்பிட்டார். கிறேஸ், “கும்பிட வேண்டாம், ஐயா,” என்று நாள்தோறும் கெஞ்சினாள்.

கடைசி ஒத்திகையைப் பார்த்துத் திருத்தம் சொல்ல மெலனியை மொன்றியலிலிருந்து அழைத்திருந்தார்கள். முழுவதையும் பார்த்தாள். எந்த முகமும் காட்டவில்லை. முடிந்ததும் என்னை ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“ஹருயே செய்யிற மாதிரித்தான் செய்யவேணும் எண்டால், அந்த சால்வை போகவேணும் அக்கா. எல்லாரும் அதிலை சாஞ்சுகொண்டு இருக்கினம்.”

“அதுக்குத்தான் வெட்டுறியோ, இல்லை…”

“ரெண்டுக்கும்தான்,” என்றாள். “நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. ப்ளீஸ்.”

ஓய்வெடுத்தும் அந்த வேலை என்னை விடவில்லை. என்ன பாவம் செய்தேனோ. முழங்காலை இழுத்துக்கொண்டு போனேன். அருளப்பு அண்ணை வாசலுக்குப் பக்கத்து மர வாங்கில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, ஒரு கதை.”

“வெட்டிப்போட்டாளோ?” என்றார் நிமிராமலே.

“ஓம்.”

“சரியாத்தான் செய்திருக்கிறாள். எனக்கும் உது சரிவரேல்லை, தங்கச்சி. முன்னுக்குப் போய்ப் பாத்தால் உந்தப் பிள்ளை சும்மா இருக்கிறாள். அங்கை ஒண்டும் நடக்கேல்லை. அண்டைக்கு என்ரை பிள்ளை ஆடினவளெல்லோ.”

“எங்கை அண்ணை ஆடினவள்? அவள் அசையேல்லை. நான் கண்வெட்டாமல் பாத்துக்கொண்டிருந்தனான்.”

“நீங்கள் முதுகைப் பாத்தனீங்கள். நான் முகத்தைப் பாத்தனான்.” நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “கண் ரெண்டும் ஓடுது. கன்னத்துக்குள்ளை ஜதி ஓடுது. அந்த ஜதியை எத்தினை வருசம் வகுப்பு வாசலிலை குந்தியிருந்து கேட்டனான்? எந்த இடத்திலை நிக்கிறாள் எண்டு எனக்குத் தெரியாதோ? அரைமண்டியிலை இருந்து கீழை இறங்கிறாள், நான் அப்பிடியே காணுறன். அதுதானே நிண்டனான். கடைசி ஜதி மட்டும் நிண்டு பாத்து, முடிஞ்ச பிறகுதான் போர்த்தனான். ஆடி முடிச்சவளுக்குத்தானே பொன்னாடை.”

அவருக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். நான் போய்ச் சொல்லி வெட்டிய ஆட்டம் அது. வெட்டுப்படவே இல்லை. ஒரே ஒரு ஆளுக்கு முழுவதுமாக ஆடியிருக்கிறாள். அந்த ஆளும் முழுவதையும் பார்த்திருக்கிறார்.

“உதை அவளுக்குச் சொன்னனீங்களோ, அண்ணை?”

“சொல்ல என்ன கிடக்கு? அவளெல்லோ ஆடினவள். அவளுக்குத் தெரியும்தானே.”

“தெரியாது. நீங்கள் வெக்கப்பட்டு முதுகை மூடினனீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். இண்டைக்கு வரைக்கும்.”

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். உள்ளே, திறந்த கதவுக்கு அப்பால், நாளைய காட்சிக்காகப் பிள்ளைகள் தரை துடைக்கத் தொடங்கியிருந்தார்கள். மெலனியும் முழங்காலில் நின்று துணியைத் தள்ளிக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டிப் போனாள்.

“நீங்கள் ஒருக்கால் சொல்லிவிடுங்கோவன், தங்கச்சி,” என்றார். “உங்களுக்கு உது பழக்கம்.”

“நான் ரிட்டயர் பண்ணிட்டன், அண்ணை.”

அவர் குனிந்து, பாடுபட்டுக் கட்டிக்கொண்டிருந்த நாடாவை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் கழற்றி வாங்குக்குக் கீழே ஒழுங்காக வைத்தார். எழும்பிக் கதவடிக்குப் போனவர், தரை தொடங்குகிற இடத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஈரம் காயாத தரை. நான் மெலனியின் முதுகைப் பார்த்தேன். விலா உள்ளே போனது.

“போங்கோ,” என்றேன்.

வெறுங்கையோடு நடந்து போனார். இந்தமுறை தலையசைக்கவுமில்லை, கும்பிடவுமில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், ஒரு கையைத் தரையில் ஊன்றி, மெல்ல முழங்காலில் இறங்கினார். மெலனியின் துணி அவருக்கு முன்னால் வந்து நின்றது.